இரண்டாவது கோளாறு

"கோளாறு ஒண்ணு இல்லீங்க மாமி, ரெண்டு இருக்குது" என்றான் முத்துக்குமார், லாப்டாப்பைத் திறந்ததுமே.

பட்டு மாமியின் காதில் அது விழவில்லை. கீழேயிருந்து வாட்ச்மேன், "பௌதி, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு" என்று மாமியை வங்காளத்தில் அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எதுவானாலும் நீயே பாத்துப் பண்ணிடுப்பா. மூணு மணிக்கு மீட்டிங். இன்னிக்கும் வரலைன்னா அந்த வேலையை வேற யாருக்காவது மாத்திக் குடுத்துடுவா" என்றபடியே செருப்பை மாட்டிக்கொண்டாள் மாமி. "உள்ள அவர் தூங்கறார். ஏதாவது வேணும்னா எனக்குப் போன் பண்ணு."

லேக் கார்டன்ஸில் அந்தக் கட்டடத்துக்கு முத்துக்குமார் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. கரூர்க்காரன். சால்ட் லேக்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. படிக்கட்டில் அவன் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு மாமிதான் வலியப் பேசினாள். இன்று காலை கதவைத் தட்டி, "உனக்கு லினக்ஸ் தெரியுமா?" என்று அவள் கேட்டபோது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பழைய விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராதுன்னு, என் பொண்ணு சஹானா லீவுல வந்தப்போ லினக்ஸ் போட்டுட்டுப் போனா. ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்து பண்ணினா. இப்போ ஸ்கிரீன் மின்னி மின்னி அணைஞ்சு போறது. அவளுக்குப் பரீட்சை நடக்கறது, தொந்தரவு பண்ணவும் மனசு வரலை."

மாமி சொன்னது சரிதான். ஸ்கிரீன் சட்டென்று கறுத்தது, பிறகு வந்தது, மறுபடி கறுத்தது. ஆனால் மாமி சொல்லாத இன்னொன்றும் இருந்தது. ஸ்கிரீனில் எல்லாமே இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன. எழுத்துகள் எறும்பு வரிசைபோலக் கீழிருந்து மேலே ஏறின.

ரெண்டு நாள் உட்கார்ந்த பெண் இதைக்கூடவா கவனிக்கவில்லை? பாவம், இந்த மாமி இதை வைத்துக்கொண்டு எப்படி மீட்டிங்கில் உட்கார்ந்தாளோ.

தலையைச் சாய்த்துக்கொண்டே வேலையைத் தொடங்கினான். அதே மாடல் லாப்டாப் வைத்திருந்த யாரோ இதே சிக்கலைப் பற்றி எழுதியிருந்ததைத் தன் போனில் தேடிப் பிடித்தான். லாப்டாப் கிளம்பும்போது படிக்கிற செட்டிங்கில் ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்தான். ஸ்கிரீன் ஒரேயடியாக இருண்டு போனது. கையில் இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ?

மூச்சை இழுத்துவிட்டு, பழைய செட்டிங்கிலேயே திறக்கவைத்து, அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தான். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. திருத்தினான். இந்த முறை ஸ்கிரீன் வந்தது. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அணையவில்லை.

இரண்டாவது கோளாறுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. ஸ்கிரீனை நிமிர்த்தி, இனிமேல் தானாகத் திரும்பாதபடி பூட்டியும் வைத்தான்.

மாமி மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"முடிஞ்சுதுங்க மாமி. ரெண்டையும் சரி பண்ணிட்டேன்."

"ரெண்டா? ஒண்ணுதானேப்பா சொன்னேன்" என்றவள் லாப்டாப்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "ரொம்ப தேங்க்ஸ்ப்பா. காபி சாப்பிடறியா?"

அவன் எதிர்பார்த்த சந்தோஷம் அந்தக் குரலில் இல்லை. சமையலறைப் பக்கம் போனவள் பாதி வழியில் நின்றாள்.

"முத்துக்குமார், தப்பா நெனச்சுக்காதே. அந்தச் சாய்ஞ்சிருந்ததை மட்டும் பழையபடியே வெச்சுடறியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். கோணலோடு பழகிவிட்டால் நேராக இருப்பதுதான் சிலருக்குக் கோளாறாகத் தெரியும். ஊரில் அவன் அப்பாவும் உடைந்த டிவி ரிமோட்டைத் தூக்கிப் போட விடமாட்டார்.

"மொதல்ல அப்படித்தானுங்க இருக்கும் மாமி. ரெண்டு நாள் நேரா வெச்சுப் பாருங்க, பழகிரும். சாய்ஞ்ச ஸ்கிரீனைப் பாத்தா கழுத்து வலி வந்துருமுங்க."

மாமி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். புதிதாக வந்த பையனிடம் வீட்டுக் கதையெல்லாம் எதற்கு என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

அதற்குள் உள்ளறையிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "பட்டு, ஆச்சா? மூணு மணி ஆகப் போறதே. ஆபீஸ்ல எல்லாரும் லைன்ல வந்துடுவா."

மாமி லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள். "நீயும் உள்ள வாப்பா" என்றாள்.

கட்டிலில் மாமியின் கணவர் குருமூர்த்தி இடது பக்கமாகப் படுத்திருந்தார். புரண்டுவிடாமல் இருக்க முதுகை ஒட்டித் தலையணைகள் அடுக்கியிருந்தன. கன்னம் மெத்தையில் பதிந்திருந்தது. முகத்துக்கு நேரே இருந்த சின்ன மேஜையில் மாமி லாப்டாப்பை வைத்தாள்.

"முதுகுல ஆபரேஷன்ப்பா. இன்னும் கொஞ்ச நாளைக்குத் திரும்பவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள்.

குருமூர்த்தி ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு கண்களை மட்டும் மேலே ஓட்டி முத்துக்குமாரைப் பார்த்துச் சிரித்தார்.

"மின்னறது நின்னுடுத்து, ரொம்ப தேங்க்ஸ். ஆனா இத்தனை நாளா எனக்கு நேரா இருந்தது, நீங்க நிமித்தினதுல சாய்ஞ்சு போச்சு."