என்ன பிள்ளை

தொப்புள்கொடியை வெட்டும் முன்பே குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி உயர்த்தினாள் நர்ஸ்.

"என்ன பிள்ளைன்னு நீயே பார்த்துச் சொல்லும்மா."

பெற்றவள் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பிரசவ அறையின் வழக்கம் அது. பிறகு யாரும் வந்து, நர்ஸ் பிள்ளையை மாற்றிவிட்டாள் என்று சண்டைக்கு நிற்கக் கூடாது. போன மாதம் ஒரு குடும்பம் அப்படி வந்து நின்றது. இந்த நர்ஸ் முன்னால்தான் நின்றது.

மாரீஸ்வரி பார்த்தாள்.

மூன்றாவதும் பெண்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லும்மா. கண்ணை மூடிக்கிட்டா ஆம்பளையா மாறிருமா?"

மாரீஸ்வரி கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

நர்ஸ் விடவில்லை. மாரீஸ்வரியின் உதடுகளையே பார்த்தபடி நின்றாள்.

கையில் இருந்ததைப் பார்க்கவில்லை.

அறையில் அழுகைச் சத்தமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

குனிந்தாள். உதடு நீலம். கால்கள் துவண்டு தொங்கின. கொடியின் அடியில் விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. மெதுவாக, மிக மெதுவாக.

கொடியை வெட்டி, விளக்கின் சூட்டில் கிடத்தினாள். துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள்.

ஒன்றுமில்லை.

காற்றுப்பையின் முகமூடியால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, பையை அமுக்கினாள். நெஞ்சு எழுந்தது. அவள் அமுக்கினால் எழுந்தது. விட்டால் அடங்கியது.

பிறந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று படித்திருக்கிறாள். நிறம், மூச்சு, துடிப்பு, கைகால் அசைவு.

ஆணா பெண்ணா என்பது அதில் இல்லவே இல்லை.

அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள்.

ஒரு விக்கல்.

பிறகு, எண்ணெய் காணாத கதவு திறப்பதுபோல் ஓர் அழுகை.

நெஞ்சில் சிவப்பு ஏறியது. விரல்நுனிக்கு வர நேரம் பிடித்தது.

வீணாய்ப் போன அந்தக் கொஞ்ச நேரம் எதையாவது கொண்டுபோயிருக்குமா? இன்று தெரியாது. குழந்தை நடக்கும்போது தெரியும். பேசும்போது தெரியும். அப்போது அவள் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

துணியில் சுற்றி, தாயின் மார்பில் கிடத்தினாள்.

மாரீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டதுலதான் பிள்ளை மூச்சை அடக்கிக்கிச்சா சிஸ்டர்?"

அவள் குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"நான் மூஞ்சியத் திருப்புனத எங்க வீட்டுல சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

மாரீஸ்வரி கையை விட்டுவிட்டு, படுத்தபடியே அவளைக் கும்பிட்டாள்.