துரை கொடுத்த டை

"யோவ் கலீமுல்லா, நீ வித்தது மெஷினா, மண்ணாங்கட்டியா?"

லியோனார்ட் போட்ட சத்தத்தில், சாந்தோம் தெருவில் போய்க்கொண்டிருந்த ரிக்‌ஷாக்காரன்கூட நின்று திரும்பிப் பார்த்தான்.

பின்னே என்ன? சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்தபோது, அதில் ஒரு மின்சார மோட்டாரை எடுத்து, மரம் கடைகிற மெஷினோடு பெல்ட் போட்டு இணைத்து, லியோனார்ட் வீட்டுப் பக்கவாட்டு வராந்தாவில் நிறுத்திக் கொடுத்தவர் ராயப்பேட்டை கலீமுல்லா. கட்டை நன்றாகத்தான் சுற்றும். உளியை வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் போதும், பெல்ட் வழுக்கும், கட்டை நின்றுவிடும். கப்பல் கம்பெனி ஹெட்கிளார்க் லியோனார்ட் தன் வெள்ளைக்கார துரைக்கு ஆசையாசையாகக் கடைய ஆரம்பித்த, கோடு போடுகிற ரூல்தடி பாதியிலேயே நின்றது.

"இன்னா சார், போன வாரந்தான டைட் பண்ணிட்டுப் போனேன்? இன்னொரு தபா பாத்துர்றேன்." கலீமுல்லா மெஷினிடம் குனிந்தார்.

"நில்லு! தோள்ல என்ன துண்டு? எடு அதை! சுத்துற மெஷின்கிட்ட தொங்குற துணியோட வரலாமா? மாட்டிச்சுன்னா ஆளையே இழுத்துடும்!"

கலீமுல்லா துண்டை எடுத்தார். எடுக்கும்போது லியோனார்டின் கழுத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பட்டு டை ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அப்போ அந்த டை?" என்றாள் மனைவி மர்சலின், கதவோரத்திலிருந்து. அவளும் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போயிருந்தாள்.

"இது துரை கிறிஸ்துமஸுக்குக் குடுத்தது! இதைக் கழட்டிட்டு நின்னா, தெருவுல போறவன் என்னைக் கூலிக்கு வந்த ஆளுன்னு நினைக்க மாட்டானா?"

பாதுகாப்பு விஷயத்தில் லியோனார்ட் புலி. கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் கண்ணாடி. காலுக்கு பூட்ஸ். சட்டைக் கை முழங்கைக்கு மேலே. கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவார். மர்சலின் அந்தப் பக்கம் தலைகாட்டினால், "முந்தானை! முந்தானை!" என்று கூரை அதிரக் கத்துவார். பெண்டாட்டி போட்ட மோதிரம் கழன்றது. துரை கொடுத்த டை மட்டும் கழலாது.

கலீமுல்லா பெல்ட்டின் உள்பக்கத்தை விரலால் தடவினார். விரலை மோந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தவர், லியோனார்டின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து அப்படியே நின்றார்.

"என் தப்புதான் சார். பெல்ட்டு சரியில்ல. வேற கெடைச்சா கொண்டாரேன்."

"கேட்டியா மர்சலின்? திருடன் ஒத்துக்கிட்டான்! அடுத்த வாரத்துக்குள்ள புது பெல்ட் வரல, போலீஸ்தான்!"

அதோடு விட்டாரா மனுஷர்? டிராமில் சொன்னார், ஆபீஸில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் வாசலில் வருகிறவர்களை நிற்கவைத்துச் சொன்னார். கலீமுல்லாவிடம் தையல் மெஷின் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த இரண்டு வீட்டார், அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் செய்தி கேட்டு லியோனார்டுக்குப் பரம சந்தோஷம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸிலிருந்து வந்தவர், கோட்டைக் கழற்றி மாட்டினார். கண்ணாடி, பூட்ஸ், எல்லாம் ஆயிற்று. ஸ்விட்சைப் போட்டார். ரூல்தடி வழவழப்பாக வருகிறதா என்று குனிந்து பார்த்தார்.

டையின் நுனி கட்டையில் சுற்றிக்கொண்டது.

"சேசு மரி சூசையே!"

கழுத்து இறுகி, முகம் கீழே போயிற்று. மூக்குக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. அந்த நேரம் பார்த்து பெல்ட் கிறீச்சென்று வழுக்கியது. மோட்டார் பாட்டுக்கு ஓடியது, கட்டை நின்றுவிட்டது.

மர்சலின் ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தாள். கத்தரிக்கோலால் டையை வெட்டினாள். வெட்டிய அவசரத்தில் அவர் காதும் சேர்ந்து போயிருக்கும்.

ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போனதும் லியோனார்டுக்குப் பேச்சு வந்தது.

"சூசையப்பர்தான் காப்பாத்தினாரு மர்சலின்! அவரும் மரவேலை செஞ்சவராச்சே! கரெக்டா அந்த நேரத்துல பெல்ட்டைப் புடிச்சு நிறுத்திட்டாரு! அந்தத் திருடனை நம்பியிருந்தா என் கதி என்ன?"

மர்சலின் காலிச் சொம்பை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"கிளம்பு, கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏத்துவோம். வர்ற வழியில போலீஸ் ஸ்டேஷன். அவனை உள்ள தள்ளினாத்தான் எனக்கு ஆறும். மெழுகுவர்த்தி டப்பா எங்க?"

அலமாரியில் இருந்ததை அவரே எடுத்துத் திறந்தார். உள்ளே எல்லா மெழுகுவர்த்தியும் ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. ஒரு திரிகூடக் கருகவில்லை.

"அடப்பாவி! கடைக்காரனும் ஏமாத்திட்டானா?"

மர்சலின் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே மெஷினிடம் போனாள். பெல்ட்டின் உள்பக்கம் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"நீங்க தினம் ஆபீஸ் போனப்புறம் எனக்கு இதுதாங்க வேலை. டையைக் கழட்டச் சொன்னா கேக்கல, நான் வேற என்ன செய்யறது? மெழுகு தேச்சா பெல்ட் வழுக்கும், டை மாட்டினாலும் கட்டை நின்னுடும். கலீமுல்லா மோந்து பாத்தப்பவே கண்டுபுடிச்சிட்டாரு. நான் உங்க பின்னாலேர்ந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்காக அந்த மனுஷன் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டுப் போனாரு."

லியோனார்டின் கை, வெட்டுப்பட்ட டையைத் தடவியது.

மர்சலின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"வாங்க, ஸ்டேஷனுக்குத்தானே? திருடி ரெடி."