மெஷின் பார்த்து வைத்த பெண்

"அந்த ஃப்ளாப்பிக்கு நாற்பது வயசும்மா. உள்ளே ஒண்ணும் இருக்காது, தூக்கிப் போடு!"

"நேத்தே காப்பி எடுத்தாச்சுப்பா. எல்லாம் பத்திரமா இருக்கு" என்றாள் மகள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அந்தக் காலத்து ஆபீஸ் வேர்ட் பிராசஸர் மெஷினைப் போலவே தன் லேப்டாப்பை நடிக்க வைக்க ஒரு எமுலேட்டர் எழுதியிருந்தாள். எல்லாம் அம்மா கேட்டதற்காக. கல்யாணத்துக்கு முன் அவர் கொடுத்த காதல் கடிதம், எடுத்து எடுத்துப் படித்தே மடிப்பில் கிழிந்துவிட்டதாம். நாளைக்கு நாற்பதாவது கல்யாண நாள். புதுசாக ஒரு பிரதி வேண்டுமாம்.

அந்த மெஷினின் ஆபரேட்டரே அவர் மனைவிதான். அவர் அப்போது தபால் பிரிவு கிளார்க். கடிதத்தை ஒரு தடவை அடித்து, பெயர்களைத் தனி லிஸ்ட்டாகக் கொடுத்தால் போதும். பெயரை மட்டும் மாற்றி மாற்றி அத்தனை பேருக்கும் அச்சடித்துத் தள்ளிவிடும். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர் திருட்டுத்தனமாக அதன் முன் உட்கார்ந்து, மனசைக் கொட்டி ஒரு கடிதம் அடித்தார். அது பதிந்தது இந்த ஃப்ளாப்பியில்தான். லிஸ்ட்டில் மூன்று பெயர். டெலிபோன் போர்டு பெண், ரிக்கார்டு ரூம் பெண், கடைசியாக இவள். ஒன்றாவது பலிக்காதா என்கிற நப்பாசைதான்.

அச்சடிக்கக் கொடுத்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். திரும்பி வந்தால் பிரிண்டரில் ஒரே ஒரு கடிதம். அதுவும் இவள் பெயருக்கு! மெஷினே பார்த்து வைத்த பெண் என்று அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் அந்த லிஸ்ட் இவள் கண்ணில் பட்டால்?

"அப்பா, திறந்துடுச்சு!"

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். மனைவி டீயோடு வந்து பின்னால் நின்றாள்.

"என்னப்பா இது, பேர் இருக்கற இடம் காலியா இருக்கு? ஆபீஸ் சர்க்குலர் மாதிரி?"

"அந்த மெஷினோட வழக்கமே அப்படித்தான்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஓ, பேருக்குத் தனி ஃபைலா? இருங்க, அதையும் திறக்கறேன்."

"வேண்டாம்மா! வைரஸ் கிய்ரஸ் இருக்கப் போகுது!"

திறந்தேவிட்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மா! உன் பேர் மட்டும்தாம்மா இருக்கு!"

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். உண்மைதான். ஒரே ஒரு பெயர்.

"மத்த ரெண்டு எங்கே?" வாய் முந்திக்கொண்டது.

"எந்த ரெண்டுப்பா?"

மனைவி டீ டம்ளரை அவர் கையில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் சீக்கிரமே சாப்பிட்டுட்டு வந்துட்டேங்க. பிரிண்டரை நிறுத்தி, அந்த ரெண்டு பேரையும் அழிச்சுட்டு மறுபடி ஓடவிட்டதே நான்தான்" என்றாள். "மூணாவதா என் பேரைப் போட்டா, பின்னே சும்மா விடுவேனா?"