பின்னால் வந்த வண்டி

மல்லூர்த் தேநீர்க் கடையை விட்டுக் கிளம்பியதிலிருந்து மகள் வண்டி ஓட்டும் விதமே மாறிவிட்டதை, அருணகிரி தம் இருசக்கர வண்டியின் பக்கக் கண்ணாடியிலேயே கண்டுகொண்டார். அதுவரை கன்றுக்குட்டிபோல் துள்ளிக்கொண்டு வந்த வண்டி, இப்போது இடப்பக்கத்தை விட்டு இம்மியும் விலகாமல் பின்தொடர்ந்தது. வந்திருப்பது அடக்கமா, அச்சமா என்று அவரால் தீர்மானிக்க இயலவில்லை.

நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். விடியலில் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, பைகளையெல்லாம் தம் வண்டியில் கட்டிக்கொண்டு அவர் தனியே முன்னால் சென்றார். மகள் மோனிஷா தன் தாய் கலைமணியை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். மூவரும் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு.

ஆனால் அருணகிரிக்குக் கடலின் நினைவே இல்லை. அடுத்த மாதம் தோழிகளோடு லடாக் வரை வண்டியிலேயே போய்வர வேண்டும் என்று மோனிஷா பிடிவாதமாக நின்றாள். தட்டிக் கழிக்க முடிந்தவரை கழித்துப் பார்த்தவர், கடைசியில் ஒரு நிபந்தனை விதித்தார். வாழப்பாடி வரை என் பின்னால் ஓட்டி வா, ஒரு பிழை கண்டாலும் அந்தப் பேச்சை அன்றோடு விட்டுவிட வேண்டும் என்றார்.

ஆண்டகளூர் கேட்டில் வலப்பக்கம் திரும்பியிருந்தால் ராசிபுரம் வழியாகப் புதுச்சேரிப் பாதையிலுள்ள ஆத்தூருக்குக் குறுக்கு வழி உண்டு. நான்குவழிச் சாலையும் லாரிகளின் நெரிசலும் இல்லாமல் அது என்ன சோதனை என்று சேலம் வழியையே அவர் தேர்ந்தெடுத்திருந்தார்.

"எனக்கொண்ணும் இல்ல சாமி, உங்கம்மாதான் தாங்க மாட்டா" என்பதே இதுநாள் வரை அவர் பிடித்துவந்த கேடயம். கலைமணியோ இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வெங்காயம் உரிப்பதிலேயே கண்ணாயிருப்பாள். கொஞ்ச நாளாக மகளோடு விடிகாலை நடைப்பயிற்சிக்குப் போய், முழங்காலில் சிராய்ப்போடு திரும்பிக்கொண்டிருந்தாள். நடக்கவே தடுமாறுகிறவள் மகளை மலைக்கு அனுப்பச் சம்மதிப்பாளா என்று அதையும் அருணகிரி தம் வாதத்தில் சேர்த்துக்கொண்டார்.

மல்லூரை நெருங்கும்போதுதான் மழை பிடித்தது. கடையோரம் ஒதுங்கி, அவரே தார்ப்பாய்த் துணியில் தைத்திருந்த நீல மழையங்கிகளை மூவரும் வெளியே எடுத்தார்கள். லாரிக்கு அளவெடுத்தே பழகிய கை அவருடையது. மூன்றையும் ஒரே அளவில், தலைக்கவசத்தின் மேலேயே போர்த்திக்கொள்ளும்படி வெட்டியிருந்தார். மூட்டை கட்டி லோடு ஏற்றியதுபோல் இருப்போம் என்று மோனிஷா கேலி செய்தாள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் முதல் ஆளாக மாட்டிக்கொண்டு, சாலையோரம் போய்க் காத்திருந்தார். சற்றுப் பொறுத்துப் பின்வண்டி வந்து சேர்ந்துகொண்டது.

அதிலிருந்து கண்ணாடியில் தெரிந்தவை இரண்டு நீல உருவங்கள் மட்டுமே. அவர் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார்; பின்வண்டி பதறாமல் வந்தது. திடீரென்று குறைத்தார், அதுவும் இடைவெளி கெடாமல் குறைந்தது. ஒரு பிழையாவது தென்படாதா என்ற ஏக்கமும், தென்பட்டுவிடுமோ என்ற நடுக்கமும் அவரை மாறி மாறி அலைக்கழித்தன.

சீலநாயக்கன்பட்டி மேம்பாலத்தில் பின் இருக்கை உருவம் இரு கைகளையும் அகல விரித்து மழையை ஏந்தியது. அருணகிரி திகைத்துப்போனார். வேகத்தடை வந்தாலே அவர் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொள்கிறவள் கலைமணி. மகள் ஓட்டினால் மட்டும் இத்தனை நம்பிக்கையா என்று அவருக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஒன்று, சைகை ஏதும் காட்டாமல் குறுக்கே திரும்பியது. கண்ணாடியிலேயே கவனமாயிருந்த அருணகிரி பதறிப்போய்ப் பிரேக்கை மிதிக்க, பின்சக்கரம் வழுக்கி அவரைச் சாலையின் பாதிவரை இழுத்துச் சென்றது. வண்டியை எப்படியோ நிறுத்தியவருக்குப் பின்னால் பார்க்கவே துணிவு வரவில்லை. இந்நேரம் மகள் வந்து மோதியிருக்க வேண்டும்.

மோதல் நிகழவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தார். பின்வண்டி சாலையோர மண்ணில் ஒதுங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, விளக்கு மினுக்கிக்கொண்டு அமைதியாக நின்றது. லாரி திரும்பப்போவதை அவருக்கு முன்பே அது அறிந்துவிட்டது போலிருந்தது.

அதன் பிறகு வாழப்பாடி வரை அருணகிரி கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, பின்வண்டி வந்து நிற்பதற்குள் இறங்கி எதிரே நடந்தார். இனியும் யோசித்தால் மனம் மாறிவிடும் என்ற அச்சம் அவருக்கு.

தலைக்கவசக் கண்ணாடியையும் ஏற்றாமல் கைப்பிடியைப் பற்றியிருந்தவளின் ஈரக் கையின்மேல் தம் கையை வைத்தார்.

"ஒரு குத்தமும் சொல்றதுக்கில்ல சாமி. என்னையவிட நல்லாவே ஓட்டற. தாராளமா லடாக் போயிட்டு வா. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

நீல உருவம் சாவியைத் திருகி வண்டியை அணைத்தது. பின் இருக்கையிலிருந்து மோனிஷா தலையை நீட்டினாள்.

"பேசுங்கப்பா. அம்மா முன்னாலதான் உக்காந்திருக்குது."