பிரித்துப் போட்ட தீயணைப்பு வண்டி

பன்னிரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டான் ரத்தினவேல்.

விழா பதினோரு மணிக்கு. லக்ஷ்மிபாய் நகரில் அவன் குவார்ட்டர்ஸ் வாசலில் வேனை நிறுத்திவிட்டு நாங்கள் ஐந்து பேரும் உள்ளே நுழையும்போது மணி ஒன்பதரை. கூடத்தில் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. முதல் பெட்டியைத் திறந்தேன். நான் கட்டிய தீயணைப்பு வண்டியைக் காணோம். வெறும் பிளாஸ்டிக் கட்டைகள்தான் சிவப்பும் மஞ்சளுமாய்க் கிடந்தன.

மோதி பாக் அழகர்சாமி என்றால் டெல்லித் தமிழர்களில் நாலு பேருக்குத் தெரியும். ஆபீசில் செக்‌ஷன் ஆபீசர். அதைவிட முக்கியம், எங்கள் கட்டைக் கழகத்துக்கு நான்தான் தலைவர்.

ஆறே பேர் கொண்ட கழகம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி ரயில், கப்பல் என்று எதையாவது செய்துகொண்டிருப்போம். "அரைக்கிழங்களுக்குச் சொப்பு விளையாட்டு" என்பாள் என் மனைவி சாவித்திரி. சொல்லிவிட்டுப் போகட்டும். 2003-ல் ஆளுயரக் கோயில் கோபுரத்தைக் கட்டைகளாலேயே எழுப்பி, தமிழ்ப் பள்ளிக்கூட ஹாலில் டிக்கெட் போட்டுக் காட்டினோம். கூட்டம் பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்றது.

அந்தப் பணத்தில்தான் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு இந்தப் பன்னிரண்டு செட்டுகளை வாங்கினோம்.

வாங்கியதை அப்படியே தூக்கிக் கொடுக்க நாங்கள் என்ன கடைக்காரர்களா? பீஸ் குறைந்திருந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோகுமே என்று ஒவ்வொன்றையும் கட்டிப் பார்த்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடியது. பஜ்ஜியும் சண்டையுமாக அமர்க்களம். தீயணைப்பு வண்டி எனக்குத்தான் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். கட்டி முடித்ததைக் கலைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அப்படியே கண்ணாடித்தாள் சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று ரத்தினவேல் வீட்டில் வைத்தோம்.

இப்போது அத்தனையும் சுக்குநூறு.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"பீஸெல்லாம் சரியா இருக்குண்ணே. எண்ணிட்டேன்."

அவ்வளவுதான் பதில். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்குக் காரணம் தெரியும். அவன் கட்டிய காற்றாலை கொஞ்சம் கோணல். அதைப் பின்வரிசையில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த வயிற்றெரிச்சல்தான்.

மறுபடி கட்டிவிடலாமா என்று எங்களில் ஒருவரான ஆல்பர்ட் கேட்டார். நேரம் எங்கே இருக்கிறது? பெட்டிகளை வேனில் ஏற்றினோம். விழா முடிந்ததும் கழகத்திலிருந்து உன்னை எடுத்துவிடப்போகிறேன் என்று வழியிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன். சரிண்ணே என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நான் கொடுத்த வாக்கை மாற்றுகிறவன் இல்லை.

வார்டில் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். நான் மைக்கைப் பிடித்து, எங்களில் ஒருவர் செய்த தவறால் பொம்மைகள் இப்படிக் கலைந்துபோய் வந்திருக்கின்றன, மன்னிக்க வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டேன். அவர் கோயி பாத் நஹீ, பரவாயில்லை என்று சிரித்து, போட்டோவுக்கு நின்றுவிட்டுக் கிளம்பினார்.

என் தீயணைப்பு வண்டி ரேஷ்மா என்கிற ஏழு வயசுப் பெண்ணுக்குப் போயிருந்தது. ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு. பெட்டியை மெத்தையில் கவிழ்த்துவிட்டு ஏதோ பொருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஏணியை அடியில் வைத்து, சக்கரத்தைக் கூரைமேல் மாட்டியிருந்தாள்.

எனக்குக் கை பரபரத்தது. "இதர் தோ பேட்டா" என்று வாங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இதுதான் அடிப்பாகம், இது கதவு, இங்கேதான் ஏணி வரும் என்று சொல்லிச் சொல்லி அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஏணி மேலே ஏறி இறங்கக்கூடச் செய்தது.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அச்சா ஹை, அங்கிள்" என்றாள், மரியாதையாக.

அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மூலைக் கட்டிலில் ஆல்பர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டு கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு உறுப்பினர் வேலு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவர் ஆளுக்கொரு கட்டிலில். அவர்களைச் சுற்றிப் பிள்ளைகள், ஊசி போட வந்த நர்ஸைப் பார்ப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தன.

ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் சிரிப்புச் சத்தம். அங்கே ஒரு பையன், எந்தப் பெட்டிப் படத்திலும் இல்லாத, பேர் தெரியாத எதையோ உயரமாய்க் கட்டி, அது சரிய, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ரத்தினவேல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வண்டியை எடுத்தேன். ஏணி, கதவு, சக்கரம் என்று ஒன்று விடாமல் நானே பிரித்து ரேஷ்மாவின் மடியில் கொட்டினேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு சக்கரத்தை எடுத்தாள். மெதுவாகக் கூரைமேல் மாட்டினாள்.

நான் எழுந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.