பதினோராம் வரிசை

ஊரார் தகவல்களையெல்லாம் கணினிகளில் சேமித்துவைக்கும் கிளவுட் நிலையத்தின் பதினோராம் வரிசையில், கண்ணாடிக் கதவைத் திறந்து தோளால் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறாள் பராமரிப்பு வேலை பார்க்கும் பெண். உள்ளே பன்னிரண்டு கணினிகள், ஆட்கள் இறங்கிப்போன பேருந்தின் என்ஜின் போல, யாருக்காகவும் இல்லாமல் இரைகின்றன. வெளியே நடுப்பகல் கொளுத்துகிறது. இங்கே அவள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு கணினியிலும் ஒரு மஞ்சள் சீட்டு: "அணைக்க வேண்டாம்." எழுதியது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "அண்ணா, ரெண்டு வருஷமா இதுக்குள்ள ஒரு ஈ காக்கா நுழையல. அணைச்சிரலாமா?" மேற்பார்வையாளர் திரையிலிருந்து நிமிராமலே சொல்கிறார்: "நீ அணைச்ச மறுநிமிஷம் எவனாவது அலறிக்கிட்டு வருவான். சொந்தக்காரன் கையெழுத்தைக் கொண்டா, அணைச்சிக்க." "சொந்தக்காரனே இல்லாததுக்கு யார்கிட்டண்ணா கையெழுத்து வாங்குறது?" "அதைத்தான் நானும் கேக்குறேன்." சுவரோரக் குழாயில் கணினிகளைக் குளிர்விக்கும் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. அவளுடைய கைபேசி அதிர்கிறது. மதிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து அக்கா. "ஏண்டி, இன்னைக்கும் குழாயில காத்துதான் வருது. உங்க கட்டடத்துக்குப் போக மிச்சம்தான் தெருவுக்காம், தண்ணி திறந்துவிடுறவர் சொல்றாரு. பாப்பா தலை முழுக்க சோப்போட உக்காந்திருக்கா. கண்ணு எரியுதுன்னு கத்துறா, கேக்குதா?" கேட்கிறது. "ரெண்டு நிமிஷம் பொறுக்கா" என்கிறாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மறு கையின் கட்டைவிரல் முதல் கணினியின் பொத்தானைத் தொட்டபடி நிற்கிறது, அழுத்தவில்லை. மேற்பார்வையாளர் இப்போதுதான் தலை நிமிர்கிறார். "கதவைச் சாத்தும்மா, குளிரெல்லாம் வீணாப் போகுது."