மீதி வாக்கியம்

வைரஸ் காய்ச்சல் என் நுரையீரலை அரித்துவிட்டுப் போன பிறகு, ஒரு வாக்கியத்தை முடிக்கும் அளவுக்கு மூச்சு இருந்ததில்லை. கழுத்தில் மாட்டியிருக்கும் குரல்மணி என்ற சின்னக் கருவிதான் மீதியை ஊகித்து, என் குரலிலேயே சொல்லி முடிக்கும். "உன்னைவிட அது மரியாதையாப் பேசுது" என்பார் கணவர் திருமாறன்.

காலையில் தலைமையாசிரியை ஃபிலோமினா சிஸ்டர் போனில் அழைத்தார். "வேதா டீச்சர், திங்கக்கிழமை வருவீங்களா? இல்லேன்னா மூணாம் வகுப்புக்கு வேற ஆள் போட்டுருவேன்."

"திங்கக்கிழமை நான்..." என்றேன். மூச்சு முட்டியது.

"வர முடியாது சிஸ்டர், உடம்பு கேக்கல" என்று முடித்தது மணி.

படுத்துக் கிடந்த மாதங்களில் எல்லோருக்கும் நான் சொன்ன பதில் அது. மணி அதை நன்றாகப் பழகியிருந்தது. நானும்தான்.

"சரி டீச்சர், ரெஸ்ட் எடுங்க."

மணியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் திணித்தேன். "சிஸ்டர்... வைக்காதீங்க."

"ஏன் வேதா சிரமப்படுற? அதை மாட்டிக்கோ" என்று எழுந்தார் திருமாறன். கையைக் காட்டி அவரை உட்காரவைத்தேன்.

"சொன்னது... நான் இல்ல. திங்கக்கிழமை... வர்றேன்."

நான் முடிக்கும்வரை சிஸ்டர் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டார்: "வாய்ப்பாடு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?"

மூச்சை இழுத்தேன். நெஞ்சு பாதிதான் நிரம்பியது.

"ஏழெட்டுன்னு... நான் சொல்றேன். அம்பத்தாறுன்னு... பிள்ளைங்க சொல்லட்டும்."